ஆதாரம் தேடுவோர்

ஆடி அமாவாசையன்று கீரிமலைக்குச் செல்லாத யாழ்ப்பாணத்துக் குடும்பம் அரிது. தந்தையை இழந்தவர்கள் கடற்கரையிலே பிதிர்க்கடன் கழித்து, கேணியிலே நீராடி, ஈரவேட்டியுடன் நகுலேஸ்வரத்துக்கு நடப்பார்கள். உவர்க்கடலுக்கு ஒரு மதிலளவு தூரத்தில் நன்னீர் எவ்வாறு ஊறுகிறது என்ற கேள்விக்குப் புராணம் ஒரு விடை சொல்லும். சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளினூடாக நிலத்தடி நீர் கடலை நோக்கி வருகிறது என்பது புவியியலாசிரியரின் விடை. கீரிமுகம் நீங்கிய நகுல முனிவரின் கதையையும் இந்த விடையையும் ஒரே மூச்சில் மாணவர்க்குச் சொல்லிய காலம் எமக்கு உண்டு. எமது பாடம் வரலாறும் குடியியலும். ஆயினும் கிராமத்துப் பாடசாலையில் ஆசிரியன் எதைத்தான் கற்பிக்காமல் இருக்க முடியும்?

அண்மையில் வந்த ஓர் ஆடி அமாவாசையன்று கேணிப் படியிலே ஓர் இளைஞனைச் சந்தித்தோம். கிளிநொச்சியிலிருந்து வந்தவன், சட்டம் பயில்பவன், தந்தைக்குக் கடன் கழிக்க வந்தவன். நாம் ஓய்வுபெற்ற ஆசிரியன் என்று யாரோ சொல்லக் கேட்டு அருகில் வந்து அமர்ந்தான். அமெரிக்க அரசியலமைப்பின் வரலாற்றைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுவதாகக் கூறினான்.

"அமெரிக்காவின்ரை மூலங்கள் எல்லாம் கைபேசியிலேயே கிடக்குது, ஐயா. எங்கடை அரசியலமைப்புக்குத்தான் எங்கை போறதெண்டு தெரியேல்லை."

அவன் சொன்னதிலே மிகையில்லை. 1787 ஆம் ஆண்டின் கோடையில் பிலடெல்பியாவில் கூடிய பிரதிநிதிகள் கதவுகளை மூடிக்கொண்டுதான் பேசினார்கள். ஆனால் உள்ளே அமர்ந்திருந்த ஜேம்ஸ் மடிசன் நாள்தோறும் குறிப்பெழுதினார். அவர் 1836 இல் இறந்தார். குறிப்புகள் 1840 இல் அச்சேறின. 1911 இல் மக்ஸ் பரண்ட் என்ற பேராசிரியர் ஏனையோரின் குறிப்புகளையும் சேர்த்து, நாள்வாரியாக ஒழுங்குபடுத்தி, மூன்று பாகங்களாக வெளியிட்டார். இன்று கீரிமலைப் படியிலே இருந்துகொண்டு, 1787 ஆகஸ்ட் 25 அன்று அந்த மண்டபத்தில் யார் என்ன சொன்னார் என்று வாசிக்கலாம்.

அந்த நாளை நாம் வேண்டுமென்றே குறிப்பிடுகிறோம். மனிதரைச் சொத்தாகக் கொள்ளலாம் என்ற கருத்தை அரசியலமைப்பிலே ஏற்பது தவறு என்று மடிசன் சொன்னது அன்றுதான். சொன்னவரே அடிமைகளை வைத்திருந்தவர். அடிமை முறை ஒழிந்ததா? இல்லை. 'அடிமை' என்ற சொல் மட்டும் சட்டத்திலிருந்து ஒழிந்தது. மக்கட்டொகையைக் கணக்கிடும் பிரிவில் ஐந்தில் மூன்றாக எண்ணப்பட வேண்டியவர்களை அந்தச் சாசனம் 'ஏனைய ஆட்கள்' என்கிறது. சாசனத்தை மட்டும் படிப்பவன் அந்த ஏனையோர் யாரென்று அறியமாட்டான். குறிப்புகளைப் படிப்பவன் அறிவான். மூலங்களைத் தேடுவதன் பயன் இதுவே. சட்டம் சொல்லாமல் விட்ட பெயரை அவை சொல்லிவிடும்.

1857 இல் டிரெட் ஸ்கொட் வழக்கிலே கறுப்பின மக்கள் அமெரிக்கப் பிரசைகளாக முடியாதென்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. ஒரு பெரும்போர் நடந்தது. 1868 இல், அம்மண்ணிலே பிறந்து அதன் ஆட்சிக்கு உட்பட்டவர் அனைவரும் பிரசைகளே என்று பதினான்காம் திருத்தம் கூறிற்று. இளைஞனின் கட்டுரை இந்தத் திருத்தத்தைப் பற்றியதே. அதை அவன் ஏன் தெரிந்தெடுத்தான் என்பதை நாம் அப்போது ஊகிக்கவில்லை.

எமது நாட்டுக்கு வருவோம். சோல்பரி ஆணைக்குழு 1944 டிசம்பரில் இலங்கைக்கு வந்தது; அதன் அறிக்கை 1945 இல் வெளிவந்தது. ஆணைக்குழு ஆராய்ந்த மந்திரிமாரின் நகல் 1944 ஆம் ஆண்டின் அரசாங்க அமர்வுத் தாள்களில் ஒன்று. அந்த நகலின் பின்னே நின்ற சட்ட மூளை ஐவர் ஜெனிங்ஸ். அவருடைய தாள்கள் இலண்டனில் இருக்கின்றன. குடியேற்ற நாட்டு அலுவலகத்துக்கும் கொழும்புத் தேசாதிபதிக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்து இலண்டன் கியூவிலுள்ள ஆவணக் காப்பகத்தில் கிடக்கிறது. அதில் ஒரு பகுதியைப் பேராசிரியர் கே. எம். டி சில்வா தொகுக்க, 1997 இல் இரண்டு பாகங்களாக அச்சாயிற்று; விலையைக் கேட்டால் ஆசிரியச் சம்பளம் நாணித் தலைகுனியும். ஆளப்பட்டவனின் வரலாற்றை ஆண்டவனின் அலுமாரியிலே தேட வேண்டியிருப்பது குடியேற்ற நாடுகள் யாவற்றுக்கும் பொதுவான விதி. அயலில் இந்தியா ஓரளவு தப்பிக்கொண்டது. தன் அரசியல் நிர்ணய சபையின் விவாதங்களை அது பன்னிரண்டு பாகங்களாக அச்சிட்டு வைத்திருக்கிறது. அம்பேத்கர் எதைச் சொன்னார், யார் மறுத்தார் என்பதை எந்தப் பள்ளி மாணவனும் எடுத்துப் பார்க்கலாம்.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். அதிலே 'இந்தியர்' இல்லை, 'தமிழர்' இல்லை, 'தோட்டத் தொழிலாளர்' இல்லை. இலங்கையிற் பிறந்தவனின் தந்தையும் இலங்கையிற் பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்று மட்டுமே அது கேட்கிறது. எவ்வளவு சாதுவான வாசகம்! ஆனால் மலைநாட்டிலே ஏறத்தாழ ஏழு இலட்சம் மக்கள் நாடற்றவராயினர். 1947 பொதுத் தேர்தலிலே இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. 1952 தேர்தலில் ஒன்றுமில்லை. பிலடெல்பியாவின் 'ஏனைய ஆட்கள்' கொழும்புக்குக் கப்பலேறி வந்துவிட்டார்கள் போலும்.

சோல்பரி அரசியற்றிட்டத்தில் 29 ஆம் பிரிவு இருந்தது. ஒரு சமூகத்தவருக்கு இல்லாத இயலாமையை இன்னொரு சமூகத்தவர்மேற் சுமத்தும் சட்டம் செல்லாது என்றது அது. கேகாலை மாவட்டத்து றுவான்வெலத் தொகுதியிலே வாக்காளராகப் பதியக் கேட்டார் ஒருவர். ஆங்கிலத் தீர்ப்புகளிலே கிடக்கும் அவர் பெயரைத் தமிழிற் கோடக்கன்பிள்ளை என்று எழுதுகிறோம். இடாப்பைப் பரிசீலித்த அதிகாரி, 29 ஆம் பிரிவுக்கு மாறான சட்டங்கள் செல்லா என்று கொண்டு அவருக்குச் சார்பாகத் தீர்த்தார். 1951 இல் உயர் நீதிமன்றம் அதைக் கவிழ்த்தது. 1953 இல் இலண்டன் பிரிவிக் கவுன்சிலும் கைவிட்டது. உயர் நீதிமன்றம் சொன்ன நியாயத்தைக் கவனிக்க வேண்டும். சட்டத்தின் வாசகம் தெளிவாயிருக்கும்போது அதை இயற்றியவரின் நோக்கமும் அதனால் நேரும் விளைவும் பொருட்டல்ல என்றார்கள் நீதிபதிகள். மூலங்களைத் தேடாதே என்பதன் சட்ட உருவம் இது.

ஆனால் தொழிலாளியைப் பார்த்து அதே அரசு என்ன சொல்லிற்று? "ஆதாரம் கொண்டு வா" என்றது. 1949 ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தவன், 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன் ஏழாண்டோ பத்தாண்டோ இடையறாது இந்நாட்டில் வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டும். லயத்து அறையிலே பிறந்து கொழுந்து பறித்தவளிடம் என்ன பத்திரம் இருந்திருக்கும்? சுமார் 237,000 விண்ணப்பங்கள் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பிற் போயின. ஏற்றுக்கொள்ளப்பட்டோர் தொகை ஏறத்தாழ 134,000. 1964 இலே இரு நாட்டுப் பிரதமர்கள் கூடி, 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே என்று பங்கிட்டனர். மீதியான 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று வைத்தனர். தேயிலைப் பெட்டிகளைப் பங்கிடுவதென்றாலும் அவற்றின் தரத்தையாவது விசாரித்திருப்பார்கள்.

இனி எமது குற்றத்தைச் சொல்ல வேண்டும். 1972 இலே குடியரசு அரசியலமைப்பு வந்தபோது 29 ஆம் பிரிவு கைவிடப்பட்டது. அதை எதிர்த்து எமது காங்கேசன்துறைத் தொகுதியின் பிரதிநிதி செல்வநாயகம் அவ்வாண்டு ஒக்டோபரிலே பதவி துறந்தார். இடைத்தேர்தல் 1975 பெப்ரவரி 6 அன்றுதான் நடந்தது. கம்யூனிஸ்ட் வேட்பாளர் வி. பொன்னம்பலத்தின் பக்கம் நின்றோம் நாம். வயது இருபத்தைந்து, தொண்டையோ ஒலிபெருக்கியைத் தோற்கடிக்கும். "29 ஆம் பிரிவு யாரைக் காப்பாற்றியது? மலைநாட்டுத் தொழிலாளியைக் காப்பாற்றியதா? செத்த எழுத்துக்கு ஏன் அழுகிறீர்கள்?" என்று சந்திக்குச் சந்தி முழங்கினோம். ஒரு மாலை, கூட்டம் கலைந்த பின், இளைப்பாறிய எழுதுவினைஞர் ஒருவர் அருகே வந்து தாழ்ந்த குரலிற் கேட்டார்: "தம்பி, கோடீஸ்வரன் வழக்கு என்ன ஆச்சு?"

எம்மிடம் விடையில்லை. பெயரைக் கேள்விப்பட்டிருந்தோம், வழக்கைப் படித்ததில்லை.

கோடீஸ்வரன் கேகாலைக் கச்சேரியிலே எழுதுவினைஞர். சிங்களத் தேர்ச்சி பெறவில்லையென்று சம்பள உயர்வு மறுக்கப்பட்டவர். 1964 இலே கொழும்பு மாவட்ட நீதிபதி டி கிறெற்சர், அரசகரும மொழிச் சட்டம் 29 ஆம் பிரிவுக்கு முரணானது என்று தீர்த்தார். உயர் நீதிமன்றம் 1967 இலே, அரச ஊழியன் சம்பளத்துக்காக முடியின்மேல் வழக்கிட முடியாதென்று சொல்லி, மூலக் கேள்விக்குள் இறங்காமலே அதைப் புரட்டியது. 1969 டிசம்பரிலே பிரிவிக் கவுன்சில், வழக்கிட முடியும், மூலக் கேள்விக்கு விடை சொல்லுங்கள் என்று திருப்பி அனுப்பியது. அந்த விடை எழுதப்படவேயில்லை. பிரிவிக் கவுன்சிலுக்குப் போகும் வழி 1971 இலே அடைக்கப்பட்டது. மறு ஆண்டு 29 ஆம் பிரிவே போயிற்று. நாம் செத்த எழுத்தென்று முழங்கிய பிரிவு, அப்போது உயிரோடு நீதிமன்ற வாயிலிலே காத்திருந்தது. ஏகாதிபத்தியம் தந்த சாசனத்தைத் தூக்கியெறிந்து மக்களின் சாசனத்தை இயற்ற வேண்டுமென்ற கொள்கை சரியென்றே இன்றும் கருதுகிறோம். ஆயினும் எறிந்ததைப் படித்துவிட்டு எறிந்திருக்க வேண்டும். உரிமைச் சாசனம் ஒன்றைச் சேர்க்காமற் போனதற்காக 1963 இலே சோல்பரிப் பிரபுவே, பாமர் எழுதிய நூலொன்றின் முன்னுரையில் வருந்தியிருந்தார். அவருக்கிருந்த ஐயம் எமக்கிருக்கவில்லை. தேர்தலில் 16,000 வாக்குகளுக்கு மேலான வித்தியாசத்தில் மக்கள் எமக்கு விடை சொன்னார்கள்.

அந்தத் தோல்விக்குப் பின்னரே படிக்கத் தொடங்கினோம். யாழ்ப்பாணப் பொது நூலகத்திலே சனிக்கிழமைகளைக் கழித்தோம்; மூன்று பயிற்சிப் புத்தகங்கள் நிறையக் குறிப்பெடுத்தோம். 1981 மே இறுதியும் ஜூன் முதலாந் திகதியும் சேர்ந்த அந்த இரவிலே 97,000 நூல்களுடன் நூலகம் எரிந்தது. எமது குறிப்புகள் வீட்டுப் பெட்டகத்தில் இருந்தன. 1990 ஜூனிலே வலிகாமம் வடக்கு முழுவதும் இடம்பெயர்ந்தபோது, பெட்டகத்தைப் பிறகு எடுக்கலாமென்று கதவைப் பூட்டிவிட்டு வந்தோம். இரண்டு தசாப்தங்கள் கழித்துத் திரும்பியபோது பூட்டும் இல்லை, கதவும் இல்லை. 2013 இலே இப்பகுதியில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கப் போவதாக அறிவித்தல் ஒட்டினார்கள். இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் தத்தம் உறுதிகளைத் தேடி எடுத்துக்கொண்டு மேன்முறையீட்டு நீதிமன்றம் போனார்கள். முகாமுக்கு முகாம் அலைந்தவன் சோற்றுப் பானையை விட்டான், உறுதியை விடவில்லை. 1948 இலே மலைநாட்டானைக் கேட்ட கேள்வியை அரசு எம்மைக் கேட்க அறுபத்தைந்து ஆண்டுகள் ஆயின. அன்று அவனுக்காக எம்மூரிலே எத்தனை பேர் தெருவுக்கு வந்தார்கள் என்பதை வாசகர் ஈழகேசரியின் பழைய இதழ்களைப் புரட்டித் தாமே அறியலாம். சுன்னாகத்திலே அச்சான பத்திரிகைதான்; தூரமில்லை.

எமது கேணியிலிருந்து சிறிது நடந்தால் மாவிட்டபுரம். அங்கே 1968 இலே ஆலயக் கதவு திறக்கக் கேட்டு ஒடுக்கப்பட்ட மக்கள் வாயிலிலே நின்றார்கள். எதிர்ப்புக்குத் தலைமை தாங்கியவர் கணிதப் பேராசிரியரும் முன்னாள் மந்திரியுமான சி. சுந்தரலிங்கம். 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டத்தின்கீழ் அவர்மேல் வந்த வழக்கு பிரிவிக் கவுன்சில் வரை போயிற்று. தீர்ப்புத் தொகுதியிலே அவருடைய பெயர் இருக்கிறது. காங்கேசன்துறைப் பொலிஸ் பரிசோதகரின் பதவிப் பெயரும் இருக்கிறது. வெயிலிலே நின்றவர்களை அறியவேண்டுமானால் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தின் துண்டுப் பிரசுரங்களுக்குப் போக வேண்டும்.

இவற்றையெல்லாம் அந்த இளைஞனுக்குச் சொன்னோம். புதிய சட்ட அறிக்கைகளின் தொகுதிகளை முதலிற் பார், பிரிவிக் கவுன்சிற் தீர்ப்புகள் இணையத்திலே இலவசமாக உண்டு, 1948 ஆகஸ்டின் ஹன்சார்ட்டைக் கொழும்புக்குப் போயாவது படி, தமிழ்ப் பத்திரிகைகளுக்கும் பிரசுரங்களுக்கும் நூலகம் நிறுவனத்தின் மின்னூல்கள், அவற்றோடு சி. வி. வேலுப்பிள்ளையையும் படி என்றோம். "அவர் கவிஞரல்லவா?" என்றான். 1947 இலே தலவாக்கொல்லைத் தொகுதியிலே தெரிவான பாராளுமன்ற உறுப்பினரும் அவரே என்றோம். குறித்துக்கொண்டான்.

பின்னர், தோளிலிருந்த துணிப்பையிலிருந்து பிளாஸ்திக் உறையொன்றை எடுத்தான். உள்ளே மடிப்புகளிலே கிழிந்த ஒரு தாள். அவனுடைய பாட்டனாரின் பிரசாவுரிமை விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதற்கான கடிதம், தட்டச்சு ஆங்கிலம். பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து 1977 வன்செயலுக்குப் பின் கிளிநொச்சிக்கு வந்த குடும்பம். பாட்டனார் இத்தாளை வாசிக்கத் தெரியாமலே முப்பது ஆண்டுகள் பாதுகாத்தாராம். தந்தையார் அதனை மூன்று இடப்பெயர்வுகளிலும், இறுதிப் போரின்போதும் இடுப்பிலே கட்டிக்கொண்டு திரிந்தாராம்.

"இது மூலாதாரம் எண்டு சொல்லலாமோ, ஐயா?"

சொல்லலாம் என்றோம். கடிதத்தின் இலக்கத்தையும் திகதியையும் தனியே எழுதி வைக்கும்படியும், படம் பிடித்து இரண்டு இடங்களிலே சேமிக்கும்படியும் சொன்னோம். ஆசிரியப் புத்தி அவ்வளவுதான்.

சனம் குறையத் தொடங்கியிருந்தது. நீராட எழுந்தவன் பையை எங்கே வைப்பதென்று சுற்றுமுற்றும் பார்த்தான். படியெல்லாம் ஈரம். "கொஞ்சம் பிடிச்சிருங்கோ ஐயா" என்று எம்மிடம் தந்துவிட்டுக் கேணிக்குள் இறங்கினான். அவன் மூன்று முறை மூழ்கி எழுந்து, தலை துவட்டி, கிளிநொச்சிக்குப் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டு திரும்பி வரும்வரை நாம் அதை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றோம்.