விரல் தடம் பதிந்த செங்கல்

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப் பாதையில், ஆவடிக்கும் திருவள்ளூருக்கும் இடையே உள்ளது எங்கள் திருநின்றவூர். பேச்சு வழக்கில் 'தின்னனூர்'. பூசலார் நாயனார் வாழ்ந்த ஊர் இது என்பதைப் பெரியபுராணம் சொல்லும். இறைவனுக்குக் கோயில் எழுப்ப விரும்பிய அவரிடம் பொருள் இல்லை. ஆகவே அடிக்கல் முதல் குடமுழுக்கு வரை அனைத்தையும் மனத்துக்குள்ளேயே நிறைவேற்றினார். காஞ்சியில் கற்கோயில் எடுத்த பல்லவ மன்னனின் கனவில் இறைவன் தோன்றி, "அந்த நாளில் நாம் பூசலார் கோயிலுக்குச் செல்கிறோம், உன் விழாவை வேறு நாளில் வைத்துக்கொள்" என்று பணித்தாராம். கிறிஸ்தவர்களாகிய நாங்களும் இந்த வரலாற்றைக் கேட்டே வளர்ந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் வீட்டோடு சேர்த்து ஒரு செப அறை கட்ட முனைந்தோம். ஞாயிறு திருப்பலி, நாள்தோறும் செபமாலை, அன்பியக் கூட்டம், தவக்கால ஒறுத்தல் என எதிலும் குறை வைக்காத குடும்பம் என்ற பெயர் எங்களுக்கு இருந்தது. செங்கல் வாங்கத் திருவள்ளூர்ப் பக்கம் ஒரு சூளைக்குச் சென்றோம். அங்கே எட்டு வயது மதிக்கத்தக்க சிறுமி ஒருத்தி, வெயிலில் காயும் பச்சைக் கற்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். "பள்ளிக்கூடம் போகவில்லையா?" என்று கேட்டதற்கு, "ஒடிசாவிலிருந்து வந்தவங்க சார், தமிழ் தெரியாது" என்றார் மேஸ்திரி. அத்துடன் நாங்கள் விலை பேசத் தொடங்கிவிட்டோம். சூளை நடத்துபவர் எங்களுக்குத் தெரிந்தவர். ஆயிரம் கல்லுக்கு நாங்கள் கேட்டபடியே குறைத்துத் தந்தார். அவ்வாறு குறைந்த தொகை யாருடைய கூலியில் குறைந்தது என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை.

செப அறையின் சுவர் எழுந்தது. பூச்சு வேலை தொடங்குவதற்கு முந்திய மாலை, அங்கே நின்று செபமாலை சொன்னோம். கண் எதிரே இருந்த ஒரு கல்லில் மூன்று சிறு விரல்களின் தடம் பதிந்திருந்தது. ஈரம் காயும் முன் யாரோ ஒரு குழந்தை தூக்கிய கல். அன்று எங்களால் செபமாலையை முடிக்க இயலவில்லை. ஒரு கல்லும் இல்லாமல் பூசலார் கட்டிய கோயிலை எண்ணினோம். நாங்கள் கட்டும் செப அறையையும் எண்ணினோம்.

அந்த ஞாயிறு இனிப்புப் பொட்டலத்துடன் சூளைக்குச் சென்றோம். சிறுமியின் தாய் அதைப் பெற்றுக்கொண்டார். பின்பு குடிசைக்குள் சென்று ஒரு கணக்கு நோட்டைக் கொண்டுவந்து நீட்டினார். அது தமிழில் எழுதப்பட்டிருந்தது. கொஞ்சம் தமிழ் பேசிய ஓர் இளைஞர் வழியாக அவர் கேட்டது ஒன்றுதான்: "இதில் என்ன எழுதியிருக்கிறது?" வாங்கிய முன்பணம், அறுத்த கல், பிடித்த தொகை எல்லாம் அதில் இருந்தன. எத்தனை கல் அறுத்தாலும் முன்பணம் குறைந்ததாகத் தெரியவில்லை. எங்கள் இனிப்பு அவருக்குத் தேவைப்படவில்லை. எங்களுக்கு வாசிக்கத் தெரியும் என்பதுதான் தேவைப்பட்டது.

கொத்தடிமை முறை 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆயினும் 2011-இல் நமது திருவள்ளூர் மாவட்டத்துச் சூளை ஒன்றிலிருந்து ஒடிசாத் தொழிலாளர் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். 6 முதல் 14 வயது வரை கல்வி உரிமை என்கிறது 2009-ஆம் ஆண்டுச் சட்டம். சூளைப் பிள்ளைகளுக்காக ஒடியா மொழிப் பாடநூல்களை வரவழைத்துக் கற்பித்ததும் இதே மாவட்டத்தில்தான். இவற்றையெல்லாம் செய்தித்தாளில் வாசித்திருந்தோம். வாசித்ததை மடித்து வைத்துவிட்டுச் செபிக்கச் சென்றவர்கள் நாங்கள்.

இரண்டு வாரம் தயங்கினோம். தெரிந்தவரிடம் எப்படிக் கேட்பது? நட்பு என்ன ஆகும்? அந்நாட்களில் லூக்கா நற்செய்தியின் அத்திமர உவமை எங்களை விடவில்லை. மூன்று ஆண்டுகளாக வந்து தேடியும் கனி காணாத உரிமையாளர் மரத்தை வெட்டச் சொல்கிறார். தோட்டத் தொழிலாளரோ, சுற்றிலும் கொத்தி எரு போட இன்னும் ஓராண்டு கேட்கிறார். அந்த மரம் செய்த தவறு என்ன? அது எவருக்கும் தீங்கு செய்யவில்லை. நிலத்தை அடைத்துக்கொண்டு நின்றது, அவ்வளவுதான். இலை அடர்ந்திருந்த எங்கள் பக்தியும் அப்படித்தான் நின்றிருந்தது. மரம் தன் கனியைத் தானே உண்பதில்லை. நாம் கனி தந்தோமா என்பதற்குப் பசியாறியவர்தாம் சான்று சொல்ல வேண்டும்.

இறுதியில் அன்பியத்தில் எங்கள் குற்றத்தைச் சொன்னோம். நான்கு குடும்பங்கள் உடன் வந்தன. அருகிலிருந்த அரசுப் பள்ளியின் தலைமையாசிரியையைச் சந்தித்தோம். சூளைக்காரரிடம் நோட்டை வைத்துக்கொண்டு நேரில் பேசினோம். பிடித்தத்தில் ஒரு பகுதி திருத்தப்பட்டது. பிள்ளைகள் காலை வேளையில் பள்ளிக்குச் செல்ல அனுமதிக்கப்பட்டார்கள். சூன் மாதத்தில், மழைக்கு முன், அக்குடும்பம் ஊர் திரும்பியது. மறு ஆண்டு அவர்கள் அங்கு வரவில்லை. அந்தச் சிறுமி தன் ஊரில் படிக்கிறாளா, வேறு சூளையில் கல் புரட்டுகிறாளா, நாங்கள் அறியோம். விதைத்தவர் அறுவடையைக் காண வேண்டும் என்ற நியதி இல்லை என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டாலும், 'முன்னரே கேட்டிருக்கலாமே' என்ற உறுத்தல் இன்றும் இருக்கிறது, இருக்கட்டும்.

சூளைக்காரர் இப்போது எங்களைக் கண்டால் முகம் திருப்பிக்கொள்கிறார். நாங்கள் கொடுத்த விலை அவ்வளவே. 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பெற்ற மறைசாட்சி தேவசகாயம் குருவானவர் அல்லர். நம்மைப் போன்ற பொதுநிலையினர், மனைவியோடு வாழ்ந்தவர். திருவிதாங்கூர் அரசில் பணியாற்றிய அவர், 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றபின், சாதி வேறுபாடு பாராமல் எளியோருடன் பழகினார். பதவி போயிற்று, 1752-இல் ஆரல்வாய்மொழியில் உயிரும் போயிற்று. அவர் கொடுத்ததன் முன் எங்களுடையது ஒரு வணக்கத்தின் இழப்பு.

அன்பர்களே, சூளை எல்லோருடைய வீட்டருகிலும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் நாம் உண்ணும் அரிசியையும் உடுத்தும் ஆடையையும் உறையும் சுவரையும் தொட்ட கைகள் உண்டு. செபத்திற்கு அமரும்போது அவற்றுள் ஒன்றையேனும் நினைப்போம், நினைத்தபின் எழுந்து சென்று, "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்போம். எங்கள் செப அறையின் சுவரைக் கொத்தனார் பூசிவிட்டார். அந்த ஒரு கல்லை மட்டும் பூசாமல் விடச் சொன்னோம். அதன் எதிரில் அமர்ந்தே இன்றும் செபிக்கிறோம்.