கார்க் கொட்டகைப் பாட்டுகள்

“இதை எப்படித்தான் கேட்கிறீர்களோ!” என்று நம்மிடம் சொல்லாத விருந்தினர் குறைவு. தட்டு சுழன்று முள் இறங்கியதும் முதலில் ஒரு கரகரப்பு. பிறகு தகர டின்னை அடிப்பது போன்ற டிரம்ஸ். அதன்மேல் ஒரு வாலிபன் தொண்டை கிழியக் கத்துகிறான். நாகூர் ஈ.எம். ஹனீபா அவர்களின் கணீரென்ற குரலையும், அதில் ஒவ்வொரு சொல்லும் முழுதாய் விளங்கும் அழகையும் அனுபவித்து வளர்ந்த செவிகளுக்கு இது இசையாகவே படாது. அதை நாம் குறையாகச் சொல்லவில்லை. நம் செவியும் அத்தகைய வீட்டில் வளர்ந்ததுதான். ஆயினும் இந்தக் கரகரப்பின்மீது நமக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு மோகம்.

இதனைக் ‘காரேஜ் ராக்’ என்பார்கள். அமெரிக்க வீடுகளை ஒட்டியிருக்கும் கார்க் கொட்டகைதான் காரேஜ். 1960-களின் நடுப்பகுதியில் பள்ளிப் பிள்ளைகள் தந்தையின் காரை வெளியே நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் கிதாரும் டிரம்ஸும் போட்டுப் பழகினார்கள். 1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் குழு அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றிய பிறகு இத்தகைய குழுக்கள் ஊருக்கு ஊர் முளைத்தன. உள்ளூர்ப் பதிவு நிலையத்தில் சில மணி நேரம், சில நூறு தட்டுகள், உள்ளூர் வானொலியில் சில வாரங்கள். அதோடு பெரும்பாலான குழுக்களின் ஆயுள் முடிந்தது. ‘காரேஜ் ராக்’ என்ற பெயரே பின்னால் வந்து ஒட்டிக்கொண்டதுதான்.

‘லூயி லூயி’ என்ற ஒரு பாட்டின் கதையே இவ்வுலகத்தைக் காட்டப் போதும். ரிச்சர்ட் பெர்ரி என்னும் கறுப்பினக் கலைஞர் எழுதி 1957-ல் வெளியிட்ட பாட்டு அது. தன் காதலியிடம் கடல் கடந்து திரும்பத் துடிக்கும் ஒரு மாலுமியின் புலம்பல், அவ்வளவே. 1963 ஏப்ரலில் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாண்டில், கிங்ஸ்மென் என்ற வாலிபர் குழு சுமார் ஐம்பது டாலர் செலவில் அதைப் பதிவு செய்தது. மைக் தலைக்கு மேலே உயரத்தில் தொங்கியது. பாடிய ஜாக் ஈலி அண்ணாந்து கத்தினார். பல்லில் கம்பி வேறு கட்டியிருந்தார். நடுவில் கிதார் மட்டும் ஒலிக்கும் பகுதி முடிந்ததும், சற்று முந்திக்கொண்டு பாட ஆரம்பித்து, சட்டென்று நிறுத்தி, மறுபடி தொடங்குகிறார். அந்தப் பிழையும் தட்டில் அப்படியே இருக்கிறது. சொற்கள் ஒன்றும் விளங்கவில்லை. விளங்காத காரணத்தாலேயே அதில் ஆபாசம் இருக்கத்தான் வேண்டும் என்று சில பெற்றோர் முடிவு கட்டினார்கள்! புகார் எஃப்.பி.ஐ. என்னும் மத்தியப் புலனாய்வுத் துறை வரை போயிற்று. அவர்களும் தட்டைப் பல வேகங்களில் ஓட்டிப் பார்த்து, எந்த வேகத்திலும் விளங்கவில்லை என்று கைவிட்டார்கள். பாட்டை எழுதியவரோ அதன் உரிமையை முன்பே சில நூறு டாலருக்கு விற்றுவிட்டிருந்தார். 1980-களில்தான் அவருக்கு உரிய பங்கு ஓரளவு திரும்பக் கிடைத்தது. விசாரிக்க வேண்டியது அதைத்தான் என்பது நம் கட்சி.

ஆனால் நம் உள்ளத்தைக் கொள்ளை கொண்டவர்கள் வாஷிங்டன் மாநிலத்து டகோமா நகரின் சானிக்ஸ் குழுவினர். லாரி, ஆண்டி என்ற பரிப்பா சகோதரர்கள் கிதாரில். பாட்டுக்கும் ஆர்கனுக்கும் ஜெரி ராஸ்லி. சாக்ஸபோனுக்கு ராப் லிண்ட். டிரம்ஸுக்குப் பாப் பென்னட். 1964-ல் ‘தி விட்ச்’ என்ற முதல் தட்டு. 1965-ல் முதல் நீண்ட தட்டு. டிரம்ஸ் முழுவதற்கும் ஒரே ஒரு மைக். அது தாங்குமா என்று பாராமல் அடித்ததால் ஒலி கிழிகிறது. அந்தக் கிழிசலில்தான் நாம் மயங்கினோம். 1966-ல் அடுத்த தட்டுக்காகப் போன பதிவு நிலையத்தில், எதிரொலியை அடக்கச் சுவரில் ஒட்டியிருந்தவற்றைப் பிய்த்தெறிந்துவிட்டே வாசித்தார்கள் என்பார்கள். பிறகு ஹாலிவுட் அழைத்தது. 1967-ல் வந்த தட்டில் ஒலி துடைத்து வைத்த கண்ணாடிபோல் இருந்தது. குழுவினருக்கே அது பிடிக்கவில்லை. நம்மிடமும் ஒன்று இருக்கிறது. இன்றும் தேயாமல் புதிதாகவே இருக்கிறது.

இவ்விடத்தில் நம் உம்மம்மாவின் நினைவு வருவதைத் தடுக்க முடியவில்லை. தொட்டிலை ஆட்டியபடி அவர்கள் பாடிய தாலாட்டுகள் ஏராளம். மாமா சிங்கப்பூரிலிருந்து டேப் ரெக்கார்டர் கொண்டுவந்தபோது வீட்டார் அதை அவர்கள் முன் வைத்தார்கள். “தொண்டை கெட்டுக் கெடக்கு வாப்பா, நல்லாகட்டும், பொறவு பாடுறேன்” என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். தொண்டை நல்லாவதற்குள் மவுத்தாகிவிட்டார்கள். அந்த நாடாவில் இன்றிருப்பது மாமாவின் “ஹலோ, ஹலோ” மட்டுமே. டகோமாப் பையன்கள் தொண்டை நல்லாகும் வரை காத்திருக்கவில்லை.

மிச்சிகன் மாநிலத்தில் வயல் வேலைக்காகப் பெயர்ந்து வந்த மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்களின் பிள்ளைகளும் காத்திருக்கவில்லை. தலைவர் தம் பெயராக வெறும் கேள்விக்குறியை வைத்துக்கொண்டார். குழுவுக்குக் ‘கேள்விக்குறியும் மிஸ்டீரியன்ஸும்’ என்று பெயர். ‘96 டியர்ஸ்’ என்ற அவர்கள் பாட்டு 1966 அக்டோபரில் நாட்டின் முதலிடத்துக்கே வந்தது. அப்படி வராதவை ஆயிரம். 1972-ல் லென்னி கே என்பவர் ‘நக்கெட்ஸ்’ என்று 27 பாட்டுகளைத் தொகுத்திராவிட்டால், பலவும் பழைய சாமான் கடைகளிலேயே மக்கியிருக்கும். அதன் பின்னே ஒரு வேட்டைக் கூட்டம் கிளம்பியது. அரிய தட்டுக்குப் பெரும் விலை கொடுத்து வாங்கி, முள்ளே படாமல் உறையிலிட்டுப் பூட்டி வைப்போரை நாம் அறிவோம். அத்தரை வாங்கி மூடியைத் திறக்காமல் வைப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

தட்டில் கேட்பது வேறு, நேரில் கேட்பது வேறு. இக்குழுக்கள் வாசிக்கும் இடங்கள் பெரும்பாலும் தாழ்ந்த கூரையுள்ள நிலவறைகள். மேடைக்கும் கூட்டத்துக்கும் இடையே ஒரு முழம்கூட இராது. ஆரஞ்சுச் சாறு கேட்கும் நம்மைக் கவுண்டர்க்காரர் ஏற இறங்கப் பார்ப்பார். வெளியே வந்தபின் மறுநாள் வரை காதில் வண்டு ரீங்கரிக்கும். காதில் பஞ்சு வைத்துக்கொள்வது நலம் என்று இளையோருக்குச் சொல்லிவைக்கிறோம்.

சானிக்ஸ் 1960-களின் இறுதியிலேயே கலைந்துவிட்டது. வியட்நாம் போரும் கல்லூரியும் பிழைப்பும் அத்தலைமுறைக் குழுக்கள் பலவற்றைப் பிரித்தன. லிண்ட் போர் விமானியாகி வியட்நாம் சென்றார். பின்னர் பயணிகள் விமானம் ஓட்டினார். லாரி காப்பீட்டுத் துறைக்குப் போனார். அலறிப் பாடிய ராஸ்லி சாலைக்குத் தார் போடும் தொழிலில் இறங்கினார். 2007-ல் மறுபடி கூடினார்கள். 2008 மார்ச்சில் அவர்கள் லண்டனுக்கு வந்தபோது நாமும் அங்கே வேலையிலிருந்தோம். சீட்டு வாங்கிய பிறகு ஒரு வாரம் கலக்கம். அறுபதைத் தாண்டியவர் பதினெட்டு வயதுக் குரலை எங்கிருந்து கொண்டுவருவார்? மேடையில் நரைத்த தலைகள் தென்பட்டதும், ஏன் வந்தோம் என்றுகூடத் தோன்றியது. ராஸ்லி ஆர்கன் முன் அமர்ந்தார். பிறகு வாயைத் திறந்தார். பக்கத்தில் நின்ற முன்பின் அறியாத ஓர் ஆங்கிலேயப் பெரியவர் நம் தோளைப் பிடித்துக்கொண்டார், கண்கள் கலங்கியிருந்தன. எவரும் எதுவும் பேசவில்லை; பேசினாலும் கேட்டிராது.

2015-ல் புதிய தட்டு ஒன்றும் வெளியிட்டார்கள். டெட்ராய்ட்டின் ஜிம் டயமண்ட் மேற்பார்வையில், ஸ்டீரியோ வேண்டாம், பழைய மோனோவே போதும் என்று எல்லாரும் சேர்ந்து ஒன்றாக வாசித்த பதிவு. 1965-ஆம் ஆண்டுத் தட்டையும் இதையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்டோம். டிரம்ஸ் வாசிப்பவர் வேறொருவர். ராஸ்லியின் குரல் சற்றுத் தடித்திருக்கிறது. கரகரப்பு குறையவில்லை.