உடையவர் இருக்கும் பாழ்மனை

ஆல்புகர்க்கி,
நியூ மெக்ஸிகோ.

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வார இறுதி எங்களுக்குச் சாக்கோ பள்ளத்தாக்கில் கழிந்தது. இந்நகரத்திலிருந்து வடமேற்கே சுமார் மூன்று மணி நேரப் பிரயாணம். அதில் 13 மைல் தூரத்துக்குச் சாலையில் தார் என்பதே கிடையாது. மழை பெய்தால் சேறு சக்கரத்தைப் பிடித்துக்கொள்வதும், வெயில் காய்ந்தால் மேடு பள்ளங்கள் வண்டியைக் குலுக்கி எடுப்பதுமான அந்த மண் சாலையைச் செப்பனிட வேண்டும் என்று ஒரு சாராரும், செப்பனிட்டால் ஜனக்கூட்டம் பெருகி ஸ்தலத்தின் அமைதி போய்விடும் என்று மற்றொரு சாராரும் நெடுங்காலமாக வாதாடி வருகிறார்கள். உள்ளே சாப்பாட்டுக் கடையோ பெட்ரோலோ விடுதியோ இல்லை; குடிநீரும், கூடாரம் அடிக்க ஒரு திடலும் உண்டு. ஆகவே புளியோதரையும் தயிர் சாதமும் கட்டிக்கொண்டுதான் போனோம்.

கடல் மட்டத்துக்கு மேல் 6,000 அடிக்கும் அதிகமான உயரத்தில், கோடையில் வறுத்தெடுத்துக் குளிர்காலத்தில் உறைய வைக்கும் பாலை நிலம் அது. ஆண்டு முழுவதும் பெய்வது ஏறக்குறைய 9 அங்குல மழை. ஐப்பசியில் ஒரு புயல் சென்னையில் ஓரிரு நாளில் கொட்டிவிட்டுப் போகும் தண்ணீர் அவ்வளவு இருக்கும். அத்தகைய பூமியில், கி.பி. 850ஐ ஒட்டித் தொடங்கி ஏறக்குறைய 300 ஆண்டுகள் தலைமுறை தலைமுறையாகக் கட்டியும் இடித்தும் விஸ்தரித்தும் சிலர் எழுப்பிய கல் மாளிகைகள் பத்துப் பன்னிரண்டு அந்தப் பள்ளத்தாக்கில் நிற்கின்றன. அவற்றுள் தலையாயது புவெப்ளோ போனிட்டோ. வடக்கே செங்குத்துப் பாறையை முதுகுப்புறமாக வைத்து, தெற்கே சூரியனை நோக்கி அரைவட்டமாக அமைந்த அந்த ஒரே கட்டடத்தில் 600க்கு மேற்பட்ட அறைகள். சில பகுதிகள் நான்கு மாடி உயரத்துக்கு எழுந்திருந்தவை. இரும்பு அறியாதவர்கள், சக்கரம் இல்லாதவர்கள், பொதி சுமக்க மாடோ குதிரையோ பெற்றிராதவர்கள் கட்டியது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அதைப் பார்க்க வேண்டும்.

சுவரின் நடுவே சல்லியும் மண் சாந்தும் நிறைத்து, இரு முகங்களிலும் மணற்பாறைத் துண்டுகளைச் செதுக்கி இழை இழையாகப் பதித்திருக்கிறார்கள். பட்டை பட்டையாகக் கனத்த கல்லும் மெல்லிய கல்லும் மாறி மாறி வரும் அந்த வேலைப்பாட்டைக் கண்டு, இதைக் காட்டத்தான் இவ்வளவு சிரத்தை எடுத்தார்களோ என்று எண்ணினால், அதுவும் இல்லை. கட்டி முடித்தபின் அதன் மேல் மண் பூசி மறைத்துவிட்டார்கள். மாளிகைக்குப் பின்னே மலையிலிருந்து பிளந்து நின்ற பெரும் பாறை ஒன்றின் அபாயத்தையும் அவர்கள் உணர்ந்திருந்தார்கள். அதன் அடியில் கல்லும் மண்ணும் கொண்டு முட்டுக் கொடுத்தார்கள். கட்டியவர்கள் போய் எட்டு நூற்றாண்டுகள் நின்ற அந்தப் பாறை 1941 ஜனவரியில் சரிந்து, பின்சுவரையும் பல அறைகளையும் நொறுக்கியது.

கல்லைவிட என்னை வியக்க வைத்தது மரம். பள்ளத்தாக்கில் உத்தரத்துக்கு ஆகும் மரம் அரிது. இந்த மாளிகைகளின் கூரைக்கும் தளத்துக்கும் 2,00,000க்கு மேற்பட்ட மரங்கள் தேவைப்பட்டிருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். முதலில் தெற்கே ஸூனி மலைகளிலிருந்தும், பின்பு மேற்கே சுஸ்கா மலையிலிருந்தும், சுமார் 75 கிலோமீட்டர் தொலைவை மனிதர் தோளிலேயே கடந்து அவை வந்தன. இந்த உத்தரங்களே பிற்காலத்தில் சரித்திர ஆசிரியர்களாகவும் ஆயின. சூரியனின் கரும்புள்ளிகளை ஆராய்ந்துகொண்டிருந்த டக்ளஸ் என்ற வான சாஸ்திரி, மரத்தின் ஆண்டு வளையங்களில் மழை ஆண்டும் வறண்ட ஆண்டும் பதிந்திருப்பதைக் கண்டு, பழைய கட்டடங்களின் உத்தரங்களை ஒன்றோடொன்று பொருத்தி ஆண்டுக் கணக்கைப் பின்னோக்கி நீட்டிக்கொண்டே போனார். நடுவே ஓர் இடைவெளி நெடுநாள் அடைபடாமல் நின்று, 1929ல் அரிஸோனாவில் கிடைத்த கரிந்த உத்தரம் ஒன்றினால் அடைபட்டது. எழுத்து வைத்துப் போகாத ஒரு ஜனசமூகத்தின் வீட்டுக்கு, மரம் வெட்டிய ஆண்டைக்கொண்டு வயது சொல்ல முடிவது அன்று முதல்தான்.

இவ்வளவு பெரிய நிர்மாணம் எதற்காக என்பதில் பண்டிதர்கள் ஒருமனப்படவில்லை. குடியிருந்தவர்கள் சிலரே என்றும், திருநாட்களில் நாலா திசைகளிலிருந்தும் ஜனங்கள் வந்து கூடிய க்ஷேத்திரம் இது என்றும் பலர் கருதுகிறார்கள். தரைக்குள் இறங்கும் வட்டமான சடங்கு மண்டபங்களையும், 30 அடி வரை அகலமாக, குன்று குறுக்கிட்டாலும் வளையாமல் பாறையில் படி வெட்டிக்கொண்டு நேரே செல்லும் பாதைகளையும் பார்க்கும்போது, எனக்கும் அந்த அபிப்பிராயமே சரியென்று பட்டது. மாளிகைக்குள் தோண்டியபோது தென்திசை வெப்பக் காடுகளின் செந்நிறப் பஞ்சவர்ணக் கிளிகளின் எலும்புகள் கிடைத்தன. ஆயிரம் மைலுக்கு அப்பால் மட்டுமே விளையும் கொக்கோவின் சாரம் ஓட்டுத் துண்டுகளில் ஊறியிருந்ததை 2009ல் ரசாயனப் பரிசோதனை காட்டியது.

கி.பி. 1130 முதல் ஏறக்குறைய அரை நூற்றாண்டு நீடித்த வறட்சி வந்தது. ஜனங்கள் படிப்படியாக வெளியேறினார்கள். இங்கேதான் பிரயாணப் புத்தகங்கள் பலவும் குரலைத் தாழ்த்தி, மர்மமாக மறைந்துபோன இனம் என்று எழுதத் தொடங்குகின்றன. மறைந்தவர் எவரும் இல்லை. தண்ணீர் இருந்த இடம் தேடிப் போனவர்களின் சந்ததியார் அரிஸோனாவில் ஹோப்பி கிராமங்களிலும், இந்த மாநிலத்தில் ஸூனியிலும், ஆக்கோமாவிலும், ரியோ கிராண்டே நதிக்கரை ஊர்களிலும் இன்றும் வாழ்கிறார்கள், சோளம் விதைக்கிறார்கள், வட்ட மண்டபங்களில் தங்கள் சடங்குகளை நடத்துகிறார்கள். சாக்கோவை அவர்கள் தங்கள் முன்னோர் இன்னும் உறையும் இடமாகவே எண்ணுகிறார்கள்.

மறைந்த இனம் என்ற கதை வெறும் பாமரக் கற்பனை அல்ல, மிகவும் சௌகரியமான கற்பனை என்பது என் எண்ணம். வாரிசு இல்லாத வீட்டில் யாரும் புகலாம் அல்லவா? 1896ல் தொடங்கிய அகழ்வில் புவெப்ளோ போனிட்டோவின் பானைகளும் நீலமணிகளும் மூட்டை மூட்டையாக நியூயார்க் நகர மியூசியத்துக்குப் போயின. அதனால் எழுந்த கூக்குரலும் காரணமாகி 1906ல் தொல்பொருள் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. மறு ஆண்டே சாக்கோ அதன் காப்புக்குள் வந்தது. ஆனால் மூதாதையரின் எலும்புகளைத் திரும்பக் கேட்கும் உரிமையைச் சட்டம் சந்ததியாருக்கு அளிக்க 1990 வரை ஆயிற்று.

இன்றைய வழக்கு பூமிக்கு அடியில் இருக்கும் எண்ணெயையும் எரிவாயுவையும் பற்றியது. 2023ல், லகூனா புவெப்ளோவைச் சேர்ந்தவரும் மத்திய மந்திரி சபையில் இடம்பெற்ற முதல் பூர்வகுடிப் பெண்மணியுமான டெப் ஹாலண்ட், சாக்கோவைச் சுற்றிப் பத்து மைல் எல்லைக்குள் அரசாங்க நிலத்தில் புதிய எண்ணெய்க் குத்தகைகளை 20 ஆண்டுகளுக்கு நிறுத்தி வைத்தார். சாக்கோவின் சந்ததியாரான புவெப்ளோ மக்கள் மகிழ்ந்தார்கள். அந்த வட்டாரத்திலேயே நிலம் வைத்துக் குத்தகைப் பணத்தில் ஜீவனம் நடத்தும் நவஹோ என்னும் மற்றொரு பூர்வகுடியின் குடும்பத்தினர் பலர் வருந்தினார்கள், நவஹோ அரசும் எதிர்த்தது. முன்னோரின் புனித பூமி ஒரு பக்கம், பிள்ளைகளின் அடுத்த வேளைச் சோறு ஒரு பக்கம் என்று வரும்போது, வெளியூரிலிருந்து குடியேறிய நான் தீர்ப்புச் சொல்வது தகாது. ஆனால் அந்த வழக்கைப் பேசி முடிக்க வேண்டியவர்கள் யார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

நம்மவர் பலர் இந்நாட்டுக்கு வந்தால் நியூயார்க்கையும் நயாகராவையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். ஒருமுறை இந்தப் பக்கமும் வாருங்கள். சாக்கோவோடு நின்றுவிடாமல், குன்றின் மேல் பல நூற்றாண்டுகளாக ஜனங்கள் இடைவிடாது வாழும் ஆக்கோமாவுக்கும், அவ்வூரார் அனுமதிக்கும் நாளில், அவர்களே வழிகாட்டப் போய் வாருங்கள். சாக்கோ கதையில் பாதிதான், அதன் மறுபாதி ஆக்கோமாவில் இருக்கிறது. காலடியில் கோலமிட்ட ஓட்டுத் துண்டு கிடந்தால் குனிந்து பாருங்கள், எடுக்காதீர்கள். எடுப்பது சட்டப்படி குற்றம். சட்டமே இல்லாவிட்டாலும், அது பிறர் வீட்டுப் பொருள்.

தங்கள் அன்புள்ள,
மடல் எழுதுவோன்.