ரத்தக்குழாய்க்கு ஸ்டேப்ளர் இருக்காமே டாக்டர்?

போன வாரம் ஒருத்தர் எனக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். ரத்தக்குழாயையும் செயற்கைக் குழாயையும் ஒரு சின்னக் கருவி 'டக்'குன்னு இணைச்சிடுது. கீழே ஒரு கேள்வி: "இது நம்ம ஜி.ஹெச்.ல இருந்தா தொப்பூர் ஆக்சிடன்ட்ல அடிபடுறவங்களுக்குக் கால் மிஞ்சுமே டாக்டர்?"

நியாயமான கேள்விங்க. பதில் கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

தொப்பூர் கணவாய் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். தருமபுரியில இருந்து சேலம் போற வழியில இறக்கமும் வளைவுமா வர்ற ரோடு. டீசல் மிச்சம்னு சிலர் லோடு லாரியை நியூட்ரல்ல இறக்குவாங்க. பிரேக்கை மட்டும் மிதிச்சு மிதிச்சு அது சூடேறி, கடைசியில பிடிக்காமப் போயிடும். 2020 டிசம்பர்ல நடந்த தொடர் விபத்தை டிவியில பார்த்திருப்பீங்க. அந்த ரோட்டுல அடிபட்டு வர்றவங்களைப் பார்க்குற ஒரு அரசு மருத்துவமனையில நான் டியூட்டி டாக்டரா இருந்தேன். அப்போ வேலைக்குச் சேர்ந்து சில மாசம்தான் ஆகியிருந்தது.

ஒரு ராத்திரி லாரி கிளீனர் ஒருத்தரைக் கொண்டு வந்தாங்க. வடமாநிலத்துப் பையன், இருபது வயசு சொச்சம். கேபின் நசுங்கி முட்டி மாட்டிக்கிச்சு. டிரிப்ஸ் போட்டேன், வலிக்கு ஊசி, ஆன்டிபயாடிக், காலுக்குக் கட்டை வெச்சுக் கட்டு, எக்ஸ்ரே. எல்லாம் முறையா செஞ்சேன். பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன், லேசா சூடு இருந்தது. கூட வந்த டிரைவர் அண்ணன்கிட்ட "கால் சூடாத்தான் இருக்கு, பயப்படாதீங்க"ன்னு சொன்னேன்.

பாதத்துல நாடி துடிக்குதான்னு மட்டும் தேடல.

எலும்பு டாக்டர் இருக்கிற இடத்துக்கு அனுப்பினேன். அங்கே போன பிறகுதான் முட்டிக்குப் பின்னாடி ஓடுற பெரிய தமனி அறுந்திருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. ரத்தக்குழாய் சர்ஜன் இருக்கிற இடத்துக்கு மறுபடி ஒரு பயணம். மேஜையில ஏத்தும்போது ஒன்பது மணி நேரம் ஓடிப்போச்சு. முட்டிக்கு மேல காலை எடுக்க வேண்டியதாயிடுச்சு.

நாலு நாள் கழிச்சு அந்த டிரைவர் அண்ணன் போன் பண்ணார். திட்டல. உடைஞ்ச தமிழ்ல ஒண்ணே ஒண்ணு கேட்டார்: "சார், கால் சூடா இருக்கு சொன்னீங்களே?" எனக்குப் பதில் வரல.

பக்கத்துச் சின்னக் கிளைக் குழாய்கள் வழியா கொஞ்சம் ரத்தம் கசிஞ்சு வந்தாலே தோல் சூடா இருக்கும். தசைக்கு அது பத்தாது. ரத்தம் சரியாப் போகாத தசை சுமார் ஆறு மணி நேரத்துக்கு மேல தாங்குறது கஷ்டம். நான் படிச்ச பாடம்தான். அன்னிக்கு ராத்திரி ஞாபகம் வரல.

சரி, ஸ்டேப்ளருக்கு வருவோம்.

1894-ல பிரான்ஸ் ஜனாதிபதி கார்னோவை லியோன் நகரத்துல ஒருத்தன் கத்தியால குத்தினான். வயித்துக்குள்ள பெரிய ரத்தக்குழாய் கிழிஞ்சு இறந்துட்டார். அதைத் தைக்க அப்போ யாருக்கும் வழி தெரியாது. அதே ஊர்ல மருத்துவம் படிச்சிட்டிருந்த அலெக்சிஸ் கரேல், பூவேலை செய்ற ஒரு அம்மாகிட்ட மெல்லிய ஊசி பிடிக்கக் கத்துக்கிட்டு, 1902-ல ரத்தக்குழாயைத் தைக்கிற முறையை எழுதினார். 1912-ல நோபல் பரிசு. இன்னிக்கும் அடிப்படை அந்தத் தையல்தான். நூல் மட்டும் தலைமுடி கனத்துக்கு மெலிஞ்சிடுச்சு.

கையால தைக்க நேரமும் பழக்கமும் வேணும். அதனால சோவியத் இன்ஜினியர் குதோவ் 1940-கள்ல ரத்தக்குழாய் ஸ்டேப்ளரைச் செஞ்சார். அறுந்த முனையை ஒரு வளையத்துக்குள்ள நுழைச்சு, சட்டைக் கையை மடிக்கிற மாதிரி வெளிப்பக்கமா மடிச்சு, இரண்டு முனையையும் சேர்த்து உலோக ஊசிகளால குத்தும். 1958-ல சோவியத் நாட்டுக்குப் போன அமெரிக்க சர்ஜன் ராவிச் கீவ் நகரத்துல ஸ்டேப்ளர் சர்ஜரியைப் பார்த்து அசந்து, அந்தக் கருவிகளை ஊருக்குக் கொண்டு போனார். குடல், நுரையீரல் ஆபரேஷன்ல இன்னிக்கு ஸ்டேப்ளர் சகஜம்.

ரத்தக்குழாய்ல அந்த அளவுக்குப் பரவல. ஏன்? மடிக்கணும்னா குழாய் மிருதுவா, போதுமான நீளத்துல இருக்கணும். சுகர், புகை பழக்கத்துல சுண்ணாம்பு படிஞ்ச குழாய் மடியாது. டாக்ரான் துணி, பி.டி.எஃப்.இ. மாதிரி செயற்கைக் குழாயோட சுவர் விறைப்பானது, அதையும் அப்படி மடிக்க முடியாது. அதனால அதுக்கு மடிக்காமலே பிடிக்கிற கிளிப், முள் வெச்ச வளையம்னு வேற வேற கருவிகள் வந்தது. மைக்ரோ சர்ஜரியில சின்ன சிரைகளை இணைக்க முள் வளையம் நல்லாவே உதவுது. கருவி நல்ல கருவிதான், அதுக்குன்னு ஒரு இடம் இருக்கு.

தொப்பூர்ல நசுங்கின கால் அந்த இடம் இல்ல. முனை நைஞ்சு போயிருக்கும், அதை வெட்டிட்டா நீளம் பத்தாது. காயத்துல மண்ணும் கிரீஸும். அங்கே செயற்கைக் குழாய் வெச்சா கிருமி தொத்துற ஆபத்து அதிகம். அதனால முடிஞ்சவரை அவரோட அடுத்த காலில் இருந்தே ஒரு சிரையை எடுத்து, உள்ளே இருக்கிற வால்வு ரத்தத்தைத் தடுக்காம இருக்கத் தலைகீழாத் திருப்பி, கையால தைப்பாங்க.

ஸ்டேப்ளர் மிச்சப்படுத்துறது நிமிஷக் கணக்கு. அந்தப் பையன் இழந்தது மணிக்கணக்கு.

இரண்டாம் உலகப்போர்ல தமனி அறுந்த அமெரிக்க வீரர்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்குக் கை, கால் போச்சு. கொரியப் போர்ல அது சுமார் 13 சதவீதமாக் குறைஞ்சது. குழாயைக் கட்டி விடாம தைச்சாங்க. ஹெலிகாப்டர்ல சீக்கிரம் கொண்டு வந்தாங்க. தைச்சது கையாலதான்.

நமக்கு ஹெலிகாப்டர் இல்ல. ஆனா நீங்க இருக்கீங்க. ரோட்டுல அடிபட்டவரைப் பார்த்தா:

1. 108-க்குக் கூப்பிடுங்க. கணவாய்ல மேலேயா கீழேயா, எந்தப் பக்கம் போற ரோடுன்னு சொல்லுங்க.

2. ரத்தம் பீச்சினா சுத்தமான துணியை வெச்சு பலமா அழுத்துங்க. எட்டி எட்டி எடுத்துப் பார்க்காதீங்க.

3. அழுத்தியும் நிக்கலைன்னா மட்டும், காயத்துக்கு மூணு விரக்கடை மேல (மூட்டு மேல வேண்டாம்) அகலமான துணியைக் கட்டி, குச்சி செருகி, ரத்தம் நிக்கிற வரை முறுக்குங்க. கயிறு, கம்பி வேண்டாம். கட்டின நேரத்தை எழுதி வைங்க. நடுவுல அவிழ்க்காதீங்க.

4. மருத்துவமனையில கூச்சப்படாம கேளுங்க: "பாதத்துல நாடி இருக்கா டாக்டர்?" யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. கோவிச்சாலும் கேளுங்க.

போலீஸ், கேஸ்னு பயம் வேண்டாம். உதவி செய்றவங்களுக்கு 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்துல பாதுகாப்பு இருக்கு. செலவுக்கு, 2021 டிசம்பர்ல தமிழக அரசு கொண்டு வந்த 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் இருக்கு. முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அடிபட்டவர் வெளிமாநிலமா இருந்தாலும் உண்டு.

நான் இப்போ எந்தக் கால் அடிபட்டு வந்தாலும் முதல்ல பாதத்து நாடியைத் தேடுவேன். கிடைச்சா அந்த இடத்துல பேனாவால ஒரு புள்ளி வைப்பேன், அடுத்துப் பார்க்குறவர் தேட வேண்டாம்னு. கிடைக்கலைன்னா ரெஃபரல் சீட்டுல முதல் வரியே அதுதான், பக்கத்துலயே மணி. ரத்தக்குழாய் சர்ஜன் எங்கே இருக்காருன்னு போன் பண்ணிக் கேட்டுட்டுத்தான் ஆம்புலன்ஸைக் கிளப்புவேன்.

அந்த டிரைவர் அண்ணனுக்கு நான் இன்னும் பதில் சொல்லல. அவர் நம்பர் போன்ல இருக்கு.