சோதனை ஓட்டம்

எங்கள் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டப் பள்ளியில், புதிய பாடமொன்றை ஒரு மாணவியிடம் கொடுத்து உடனே உரக்க வாசிக்கச் சொன்னேன். தடுமாறினாள், வகுப்பு சிரித்தது, அழுதுவிட்டாள். தவறு என்னுடையதே.

அன்றிரவு சென்னைக் கார்ப் பந்தய வீரர் கருண் சந்தோக் நினைவுக்கு வந்தார். எந்த வளைவில் எங்கே வேகத்தைக் குறைப்பது என்பதை ஓட்டுநர் சோதனை ஓட்டத்தில்தான் கற்கிறார். 2010 பஹ்ரைன் ஃபார்முலா 1 போட்டியில் சந்தோக்கிற்கு அது வாய்க்கவில்லை. கார் ஆயத்தமாகாததால், தகுதிச் சுற்றில்தான் அதை முதன்முதலாக ஓட்டினார். பந்தயத்தின் தொடக்கத்திலேயே விபத்துக்குள்ளாகி விலகினார். மூன்று வாரங்கள் கழித்து, 15 வளைவுகள் கொண்ட நம் செப்பாங்கில் 15ஆவதாக ஓட்டத்தை நிறைவு செய்தார்.

இப்போது வாசிப்புப் பாடத்தை முதல்நாளே கொடுத்தனுப்புகிறேன். பெற்றோர்களே, பத்து நிமிடம் அருகில் அமர்ந்து கேளுங்கள். பிள்ளை தயக்கமின்றித் தடுமாறட்டும். அதுவே அவர்களின் சோதனை ஓட்டம்.