வாண்டுகளோடு கப்பல் ஏறலாமா?

எங்கள் வீட்டில் இப்போது இதே பஞ்சாயத்துதான். இரண்டு வயது இரட்டையரைத் தூக்கிக்கொண்டு சொகுசுக் கப்பலில் போகலாமா, வேண்டாமா?

சென்னை ராயபுரத்துக்காரர்களுக்குக் கப்பல் ஒன்றும் புதுசில்லை. மொட்டை மாடி ஏறினால் துறைமுகத்து கிரேன் தெரியும். ஆனால் பார்த்ததெல்லாம் சரக்குக் கப்பல். 2022 ஜூனில் முதல்வர் ஸ்டாலின் கொடியசைத்து கார்டிலியா எம்ப்ரஸ் என்ற சொகுசுக் கப்பல் இங்கிருந்து கிளம்பிய பிறகுதான் நம்மாட்களுக்கும் ஆசை தொற்றிக்கொண்டது. அடுத்த வருஷம் இலங்கைக்கும் விட்டார்கள்: அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை. அதற்குக் கைக்குழந்தைக்கும் பாஸ்போர்ட் வேண்டும்.

என் கவலை கடல் இல்லை, டயப்பர். உலகத்துப் பெரிய கப்பல் நிறுவனங்கள் பலவும் 6 மாதக் குழந்தையையே ஏற்றிக்கொள்கின்றன. ஆனால் டயப்பர் விடாத பிள்ளையைப் பொது நீச்சல் குளத்தில் இறக்க விடமாட்டார்கள். கண்ணெதிரே தண்ணீர் தளும்ப, சும்மா வேடிக்கை பார்க்க எங்கள் வீட்டு வாண்டுகள் என்ன சித்தர்களா? விளையாட்டு அறையில் விட்டுவிட்டு நாம் நகரவும் பெரும்பாலும் 3 வயது ஆகவேண்டும். பயணக் குமட்டல் வேறு 2 வயதுக்குக் கீழே அபூர்வமாம். 2 முதல் 12 வரைதான் அதிகம். சரியாக அந்த வாசலில் நிற்கிறோம்.

"காசு குடுத்து வாந்தி எடுக்கப் போறீங்களாம்மா?" என்கிறார் அத்தை.

என் ஓட்டு: டயப்பர் விடட்டும், ஐப்பசி கார்த்திகை மழை கழியட்டும், முதலில் இரண்டு இரவு மட்டும். என் வீட்டுக்காரரோ இன்னும் பால்கனி அறைக்கு விலை பார்த்துக்கொண்டிருக்கிறார். பால்கனியாம், இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு!