22-வது ரப்பர் பேண்ட்!

ரப்பர் பேண்ட் என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? நோட்டுக் கட்டு, சாம்பார் பார்சல், பேத்தியின் சடை... எனக்கு உணவுக்குழாய் ஞாபகம் வரும். இதுவரை என் உணவுக்குழாயில் 22 ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறார்கள், சார்!

வியாதியின் பெயர் 'ஈஸோஃபேஜியல் வேரிசெஸ்'. என் மனைவி இன்றுவரை 'வெரைட்டீஸ்' என்றுதான் சொல்கிறாள், ஏதோ புளியோதரை, எலுமிச்சை சாதம் மாதிரி!

விஷயம் இதுதான். குடலிலிருந்து வருகிற ரத்தம் ஒரு மெயின் ரோடு வழியாகக் கல்லீரலுக்குள் போக வேண்டும். கல்லீரல் தழும்பேறிக் கெட்டிப்பட்டுவிட்டால் மெயின் ரோட்டில் சாலை மறியல்! பஸ் என்ன செய்யும்? சந்து பொந்துகளில் புகுந்து போகப் பார்க்கும். இரைப்பையும் உணவுக்குழாயும் சேருகிற இடத்தில் அப்படியொரு குறுகல் சந்து. அங்கே ரத்தக் குழாய்கள் முடிச்சு முடிச்சாகப் புடைத்துக்கொண்டு, ஒருநாள் வெடிக்கும். வலி இருக்காது. நேராக ரத்த வாந்திதான். அல்லது வெளிக்குத் தார் மாதிரி கறுப்பாகப் போகும். எனக்கு ஒரே ராத்திரியில் இரண்டும்.

ஆஸ்பத்திரியில் டூட்டி டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "எத்தனை வருஷமா குடிக்கிறீங்க?"

"காபிதான் டாக்டர், நாலு வேளை" என்றேன். அவர் நம்பவில்லை. ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வந்த சொந்தக்காரர்களும் நம்பவில்லை. மச்சினன் மட்டும் என்னைப் புது மரியாதையோடு பார்த்தான். "என்ன அத்தான், இத்தனை வருஷமா ஒரு கம்பெனி கொடுக்காம இருந்துட்டீங்களே!"

குடிக்காதவருக்கும் கல்லீரல் கெடும். ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்கள் கெடுக்கும். என் விஷயத்தில் 20 வருஷத்துச் சர்க்கரையும், கல்லீரலில் படிந்த கொழுப்பும்.

முன்பெல்லாம் அந்தக் குழாய்களில் ஊசி போட்டு அடைப்பார்களாம். 1939-லேயே ஸ்வீடன் டாக்டர்கள் இரண்டு பேர் அதைச் செய்திருக்கிறார்கள். ஆனால் ஊசி போட்ட இடம் புண்ணாகும், உணவுக்குழாய் சுருங்கும். 1980-களில் அமெரிக்காவின் கொலராடோவில் ஸ்டீக்மன் என்ற சர்ஜன், மூலத்துக்கு ரப்பர் வளையம் போடுகிற வைத்தியத்தை இங்கே கொண்டுவந்தார். கீழ் வாசல் வைத்தியம் மேல் வாசலுக்குப் பிரமோஷன்! 1992-ல் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது பேண்ட் போட்டவர்களுக்குச் சிக்கலும் குறைவு, சாவும் குறைவு.

தொண்டையில் கசப்பாக ஒரு ஸ்ப்ரே. பல்லுக்கு நடுவில் பிளாஸ்டிக் வளையம். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். குழாயின் நுனியில் சின்ன மூடி, அதன்மேல் விரித்து மாட்டிய பேண்டுகள். புடைப்பை மூடிக்குள் உறிஞ்சி இழுத்து, பேண்டைக் கழற்றிவிட்டால் 'டப்'பென்று இறுக்கிக்கொள்ளும். சில நாளில் கட்டுப்பட்ட இடம் வாடி, பேண்டோடு உதிர்ந்து, வந்த வழி தெரியாமல் போய்விடும். உதிர்ந்த இடத்துப் புண் ஆறும்வரை குழைந்த சாதம்தான். இரண்டாவது தவணை தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு. வீடு முழுக்க முறுக்கு வாசனை, எனக்கு ரசம் சாதம்!

மூன்று வாரத்துக்கு ஒருமுறை. முதலில் 6, அப்புறம் 6, 5, 4. நாலாவது தவணையோடு புடைப்பெல்லாம் அடங்கிவிட்டது. ரத்தக் குழாயின் அழுத்தத்தைக் குறைக்க புரோப்ரனலால் மாத்திரை தினமும். "அவ்வளவுதானே டாக்டர்?" என்றேன்.

"ரத்தம் நிறுத்தறது ஒருநாள் வேலைங்க. மறுபடி வராம பாத்துக்கறதுதான் வைத்தியம். மறியல் இன்னும் கலையலையே, கல்லீரல் அப்படியேதானே இருக்கு? மூணு மாசம் கழிச்சு வாங்க. அப்புறம் ஆறு மாசத்துக்கோ வருஷத்துக்கோ ஒரு தடவை."

"எத்தனை வருஷம்?"

"நீங்க இருக்கிற வரைக்கும்."

ஒருமுறை ரத்தம் வந்து, வைத்தியத்தைத் தொடராமல் விட்டால், பத்தில் ஆறு பேருக்கு ஓரிரு வருஷத்துக்குள் மறுபடி வருமாம்.

வெளியே பெஞ்சில் எனக்கு ஒரு சிநேகிதர் கிடைத்திருந்தார். லாரி மெக்கானிக். குடியை அடியோடு விட்டவர். வெறும் வயிற்றோடு காத்திருந்து நாங்கள் பேசியதெல்லாம் பரோட்டாவைப் பற்றித்தான். இரண்டு தவணை வந்தார். "நல்லாத்தானே இருக்கேன், ஒருநாள் கூலி போகுது சார்" என்றார். மூன்றாவதுக்கு வரவில்லை. நாலாவதன்று அவர் வீட்டம்மா மட்டும் வந்திருந்தார், ஏதோ சர்டிபிகேட் வாங்க. நான் எதுவும் கேட்கவில்லை.

மூன்று மாத செக்கப் தேதியன்றுதான் என் அக்கா மகன் கல்யாணத்துக்குப் பந்தக்கால். "தாய்மாமன் இல்லாமப் பந்தக்காலா? ஆள் ஜம்முனுதானே இருக்கே! குழாய் விடறதை அடுத்த மாசம் வெச்சுக்கயேன்டா" என்றாள் அக்கா. எனக்கும் ஒரு வலியில்லை, தொந்தரவில்லை.

போனை வாங்கி என் மனைவிதான் பேசினாள். "அண்ணி, பந்தக்காலை யார் வேணா நடலாம். இவருக்குக் குழாயை இவருக்குத்தான் விடணும்."

போனேன். "புதுசா ஒண்ணு தலை தூக்குது" என்று டாக்டர் போட்டதுதான் அந்த 22-வது பேண்ட். நான் ஜம்மென்று இருந்தபோது!

டாக்டர் அனுமதியோடு கல்யாணத்துக்கும் போய் வந்தேன். பந்தியில் எல்லோருக்கும் அப்பளம், வடை. எனக்குக் குழைந்த மோர் சாதம். மச்சினன் காதோரம் வந்தான். "அத்தான், இன்னிக்காவது ஒரு கம்பெனி...?"

"வா, கொடுக்கறேன். அடுத்த தடவை குழாய் விடறப்போ வெளியே பெஞ்சில் இடம் இருக்கு."